சிறு டிராக்டர்ப் பேக்ஹோவில் எண்ணெய் அழுத்தக் குறைகளைக் கண்டறியும் முறை

டெல்டா ஜில்லாக்களில் மேட்டூர் அணை திறக்கப்படும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்குள் கிளை வாய்க்கால்களில் தூர் எடுத்தாக வேண்டும். மற்ற ஜில்லாக்களிலும் ஏரி குளங்கள் காய்ந்து கிடக்கும் கோடையில்தான் வண்டலை வெட்டிக் கரையேற்ற முடியும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக் கொண்டால் அவ்வேலை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போகும். இத்தகைய நாட்களில் சிறு டிராக்டரின் பின்புறம் பூட்டப்பட்ட பேக்ஹோ என்னும் மண் தோண்டும் கருவி ஒரு வாரம் செயலற்று நிற்குமாயின், அந்நஷ்டம் பழுது பார்க்கும் கூலியோடு முடிவதில்லை.

கருவி பலம் குறைந்தவுடன் "பம்பு போய்விட்டது" என்று சொல்லிப் புதுப் பம்பு வாங்கிப் பொருத்துவது பல இடங்களில் வழக்கமாகி விட்டது. பம்பு கெடுவதுண்டு, ஆனால் அது முதலில் சந்தேகிக்க வேண்டிய உறுப்பன்று. சில நூறு ரூபாயில் தீரக்கூடிய வடிகட்டிக் குறைக்குப் பல ஆயிரம் ரூபாய் பம்பை மாற்றியும், பழைய குறை அப்படியே இருக்கக் காண்பது இதனாலேயே. புதுப் பம்பும் அதே அடைபட்ட வடிகட்டி வழியாக எண்ணெயை இழுத்துச் சில நாட்களில் தானும் தேய்ந்து போகும். எந்த உறுப்பையும் கழற்றுவதற்கு முன்பு, குறை எந்தப் பகுதியில் உள்ளது என்பதை லீவரையும் கடிகாரத்தையும் கொண்டே பெரும்பாலும் நிச்சயித்து விடலாம்.

எண்ணெய் வேலை செய்யும் விதம்

மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி. 1795ல் ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் இவ்விதியைக் கொண்டு அழுத்தப் பொறி அமைத்து உரிமை பெற்றார். பேக்ஹோவின் ஒவ்வொரு சிலிண்டரும் அப்பொறியின் வழித்தோன்றலே. உள் விட்டம் 75 மில்லிமீட்டர் உள்ள சிலிண்டரில் பிஸ்டனின் பரப்பு சுமார் 44 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தத்தில் எண்ணெய் செல்லும்போது பிஸ்டன் 6,600 கிலோ பலத்துடன் தள்ளும். தண்டு உள்ளே இழுக்கப்படும்போது தண்டு அடைத்த இடம் போக மீதிப் பரப்பில் மட்டுமே அழுத்தம் தாக்குவதால் பலம் சற்றுக் குறையும். இது குறையன்று, அமைப்பின் இயல்பு.

இங்கே ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பம்பு எண்ணெயை ஓடச் செய்கிறதே தவிர அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஓடுகிற எண்ணெயை மண்ணின் எதிர்ப்பு தடுக்கும்போதே அழுத்தம் ஏறுகிறது. ஆகவே கையின் வேகம் எண்ணெயின் ஓட்டத்தைக் காட்டும். கையின் பலம் அழுத்தத்தைக் காட்டும். வெறுங்கை மெதுவாக நகர்ந்தால் ஓட்டம் குறைந்திருக்கிறது. வெறுங்கை வழக்கமான வேகத்தில் நகர்ந்தும் மண்ணில் ஊன்றியவுடன் நின்றுவிட்டால், அழுத்தம் ஏறாமல் எங்கோ கசிந்து போகிறது. இந்த வேற்றுமையை மனத்தில் வாங்கிக் கொண்டவருக்குப் பாதிப் பழுது தீர்ந்தது.

வேகத்தை அளப்பதும் எளிது. மேற்சொன்ன 75 மில்லிமீட்டர் சிலிண்டரின் தண்டு 50 சென்டிமீட்டர் நீளம் வெளிவர ஏறக்குறைய 2.2 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிஷத்துக்கு 30 லிட்டர் தரும் பம்பாயின் அதற்கு நான்கரை விநாடி போதும். கருவி நல்ல நிலையில் உள்ளபோதே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆகும் விநாடிகளைக் குறித்து டிராக்டரின் கணக்குப் புஸ்தகத்தில் எழுதி வைப்பது நலம். பின்னால் குறை தோன்றும்போது ஊகம் வேண்டியிராது.

கை வைக்கு முன்

எண்ணெய் அழுத்தத்தினால் நேரும் காயம் மற்றக் காயங்களைப் போன்றதன்று. குழாயில் ஊசிமுனையளவு துவாரம் விழுந்தால் அதன் வழியே பீறிடும் எண்ணெய் கண்ணுக்குப் புலப்படாமலே தோலைத் துளைத்துச் சதைக்குள் பாய்ந்து விடும். எறும்பு கடித்தது போன்ற சிறு புள்ளியும் இலேசான எரிச்சலுமே முதலில் தெரியும், ரத்தம் வராது. அதைப் பொருட்படுத்தாமல் மறுநாள் வரை இருந்தவர்கள் விரலையோ கையையோ இழக்க நேரும். இக்காயம் பட்டவரை உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்று, "அழுத்தத்தில் இருந்த எண்ணெய் உள்ளே பாய்ந்தது" என்ற விவரத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரண முள் குத்தென்று மருந்திட்டு அனுப்பிவிடக் கூடும். மணிக்கணக்கில் தாமதிப்பதே ஆபத்து. கசிவைத் தேடும்போது கையால் குழாயைத் தடவிப் பார்ப்பது கண்டிப்பாகக் கூடாது. நீளமான அட்டைத் துண்டு ஒன்றைக் குழாயின் அருகே சற்றுத் தள்ளிப் பிடித்து நகர்த்தினால் அட்டையில் எண்ணெய் படும் இடம் காட்டிக் கொடுக்கும்.

எந்த இணைப்பையும் தளர்த்துவதற்கு முன்பு பக்கெட்டையும் தாங்கு கால்களையும் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்தி, எல்லா லீவர்களையும் இருபுறமும் பலமுறை அசைத்து உள்ளே அடைபட்ட அழுத்தத்தை நீக்க வேண்டும். தூக்கி நிற்கும் பூமின் கீழ், அதை எண்ணெய் தாங்கிக் கொண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில், ஒருவரும் நுழையலாகாது. வேலையைப் பார்க்கக் கூடும் பிள்ளைகளைத் தூர நிறுத்துவது அங்கு மேற்பார்வை செய்யும் கிராம உத்தியோகஸ்தரின் பொறுப்பு.

எல்லாமா, ஒன்றா?

முதற்கேள்வி இதுவே: பூம், அதன் முன்கை, பக்கெட், பக்கவாட்டுத் திருப்பம், தாங்கு கால் ஆகிய எல்லாம் மந்தமா, ஒன்று மட்டும் மந்தமா? எல்லாம் மந்தமாயின் அவை அனைத்துக்கும் பொதுவான எண்ணெய், வடிகட்டி, பம்பு, ரிலீப் வால்வு ஆகியவற்றில் குறை. ஒன்று மட்டும் மந்தமாயின் பம்பைத் தொடவே வேண்டாம். மற்றவை நன்றாக இயங்குவதே பம்பு நன்றாயிருப்பதற்குச் சாட்சி.

இரண்டாவது கேள்வி: டிராக்டரின் மற்ற ஏற்றிகள் எப்படி இருக்கின்றன? டிராக்டரின் சொந்தப் பம்பிலிருந்தே பேக்ஹோவுக்கு எண்ணெய் வரும் அமைப்பில், முன்புற லோடரும் கலப்பை தூக்கும் கையும் சரியாக இயங்கிப் பேக்ஹோ மட்டும் சோர்ந்திருந்தால், குறை பேக்ஹோவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. பி.டி.ஓ. தண்டில் தனிப் பம்பும் தனித் தொட்டியும் கொண்ட பேக்ஹோக்களும் உண்டு. அவற்றிற்கு இச்சோதனை பொருந்தாது.

மூன்றாவது, குறை காலையில் அதிகமா, மத்தியானத்தில் அதிகமா என்பது. குளிர்ந்த எண்ணெயில் மந்தமாயிருந்து சூடேறியபின் சரியாகுமானால் எண்ணெய் தடித்திருக்கிறது, அல்லது உறிஞ்சும் பக்கத்துச் சல்லடை அடைபட்டிருக்கிறது. காலையில் நன்றாக வேலை செய்து வெயிலேற ஏறப் பலம் குன்றுமானால் பம்பிலோ சிலிண்டரிலோ வால்விலோ உள்தேய்மானம் இருக்கிறது. சூட்டில் இளகிய எண்ணெய் தேய்ந்த இடைவெளியில் நழுவுகிறது. இந்த ஒரு விவரம் மெக்கானிக்கின் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். ஆயினும் அதை யாரும் கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை.

எல்லாம் மந்தமாக இருந்தால்

எண்ணெய் அளவை முதலில் பார்க்க வேண்டும். டிராக்டர் சமதரையில் நிற்க, இஞ்சின் ஓய்ந்திருக்க, சிலிண்டர்கள் எந்த நிலையில் இருக்க வேண்டுமென்று கம்பெனியின் புஸ்தகம் சொல்கிறதோ அந்நிலையில் வைத்தே அளவுக் குச்சியைப் பார்க்க வேண்டும். தண்டுகள் நீட்டியிருக்கும்போது பல லிட்டர் எண்ணெய் சிலிண்டர்களுக்குள் போய்விடுவதால் அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் தண்டுகளை மடக்கும்போது எண்ணெய் பொங்கி வழியும். புதிதாகப் பேக்ஹோ பூட்டியவர்கள் அதன் குழாய்களும் சிலிண்டர்களும் நிரம்பும் அளவுக்கு எண்ணெய் சேர்க்க மறந்து விடுவதும் உண்டு. சிறு கசிவையும் அலட்சியம் செய்யலாகாது. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் பத்து மணி நேரத்தில் ஒன்றே முக்கால் லிட்டருக்குக் குறையாமல் போய்விடும்.

அடுத்து எண்ணெயின் நிறம். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மழையில் நனைந்த டிராக்டரில் கியர்க் கம்பியின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் அவ்வழியே நீர் இறங்கும். காற்றுப் போக்கி மூடியும் பார்க்கத் தக்கது. எண்ணெயை ஓரிரவு ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பார்த்தால், நீர் கணிசமாகக் கலந்திருக்கும்போது சில சமயம் அடியில் தங்கும். காற்றுக் குமிழாயின் சிறிது நேரத்திலேயே மேலே கிளம்பி எண்ணெய் தெளிந்து விடும். நீர் புகுந்த எண்ணெயை முழுவதும் வடித்து, வடிகட்டியையும் மாற்றியே தீர வேண்டும்.

காற்றுப் புகுவது இன்னும் வஞ்சகமானது. தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாய் உறிஞ்சும் குழாயாதலால், அதில் கிளிப் தளர்ந்திருந்தால் எண்ணெய் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். வெளியில் உலர்ந்து சுத்தமாய்க் காணும் இணைப்பே குற்றவாளியாயிருக்கும். பம்பு உறுமும், சிலிண்டர்கள் உதறி உதறி நகரும், தொட்டியில் நுரை காணும். இஞ்சினை மெதுவாக ஓட்டி, சுழலும் பாகங்களுக்கு எட்டாத இணைப்புகளின் மேல் ஒவ்வொன்றாகக் கிரீஸ் பூசிப் பார்க்கலாம். எந்த இணைப்பில் பூசும்போது உறுமல் அடங்குகிறதோ அங்கே காற்றுப் புகுகிறது. உறுமலாயில்லாமல் கிறீச்சென்ற இழுகுரலாயிருந்து, நுரையும் இல்லாவிட்டால், பம்புக்கு எண்ணெய் போதவில்லை. சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

குயிக் கப்ளிங் என்னும் பூட்டு இணைப்புகளால் விளையும் தொல்லை தனியே சொல்லத் தக்கது. இவற்றில் ஆண், பெண் என இரு பாதிகள் உண்டு. முழுதும் அமர்ந்து "கிளிக்" என்று பூட்டிக் கொண்டாலன்றி உள்ளிருக்கும் அடைப்பு திறவாது. வெயிலில் கிடந்த குழாயில் எண்ணெய் விரிந்து அழுத்தம் ஏறியிருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பாதிதான் நுழையும். பார்வைக்குப் பூட்டியதுபோல் இருந்தும் எண்ணெய் நகராது. டிராக்டர் முக்குகிறது, பேக்ஹோ அசையவில்லை என்ற புகாரில் பெரும் பங்கு இதுவே. திரும்பி வரும் குழாயின் இணைப்பு இவ்வாறு அடைபட்டால், அதிக அழுத்தத்துக்கென்று செய்யப்படாத வால்வு வார்ப்பே வெடிக்கக் கூடும். மேலும் பேக்ஹோவைக் கழற்றி வைக்கும் நாட்களில், பல டிராக்டர்களில் போகும் குழாயையும் வரும் குழாயையும் ஒன்றோடொன்று பூட்டிவிட வேண்டும். இல்லாவிடில் பம்பின் எண்ணெய் செல்ல வழியின்றிச் சூடாகும். கலப்பை தூக்கும் கையும் எழாது.

இவை யாவும் செவ்வையாயிருந்தும் பலம் வரவில்லையென்றால் ரிலீப் வால்வைச் சந்தேகிக்கலாம். அழுத்தம் எல்லை மீறும்போது திறந்து எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் காவல்காரன் இது. ஒரு மணல் துணுக்கு இதன் வாயில் சிக்கினாலும் வால்வு மூடாமல் அழுத்தம் குறையும். அழுத்தமானி பூட்டிப் பார்க்காமல் இதன் திருகை முறுக்குவது ஓட்டுநர்களிடம் பரவியுள்ள மிகக் கெட்ட பழக்கம். சிறு டிராக்டர்கள் பலவற்றில் அமைத்துள்ள எல்லை சதுர அங்குலத்துக்கு 2,000 முதல் 2,500 பவுண்டு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 140 முதல் 175 கிலோ. அதற்கு மேல் முறுக்கினால் அன்று சற்றுப் பலமாகத் தோண்டும். பின்னர் குழாய் வெடிக்கும், அல்லது பூம் விரிசல் விடும், அல்லது டிராக்டரின் முதுகே உடையும். கிராமங்களில் மண் தோண்டும் எந்தக் கருவியையும் "ஜே.சி.பி." என்றே அழைக்கிறார்கள். அது ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் பெயரெழுத்துக்களால் அமைந்த ஓர் ஆங்கிலக் கம்பெனியின் பெயர். அக்கம்பெனி 1953ல் தன் முதல் பேக்ஹோ லோடரைச் செய்தது. பெயரைப் பொதுவாக்கியதோடு நில்லாமல், அப்பெரிய இயந்திரத்தில் பழகிய கையோடு சிறு டிராக்டரையும் ஓட்ட முற்படுவதால்தான் இத்திருகைத் தேடிப் போகிறார்கள். சிறியதின் பலம் சிறியதே.

ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால்

அக்கையின் குழாய் எங்கேனும் மடிந்து நசுங்கியுள்ளதா என்று பார்த்தபின், குறை வால்வில் உள்ளதா சிலிண்டரில் உள்ளதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். குழாய்களின் நீளம் இடங்கொடுத்தால், நன்றாக இயங்கும் ஒரு சிலிண்டரின் இரு குழாய்களையும் குறையுள்ளதன் இரு குழாய்களையும் வால்வுப் பெட்டியில் இடம் மாற்றிப் பூட்டலாம். லீவர்கள் இப்போது மாறி வேலை செய்யுமாதலால் எச்சரிக்கையாக, மெல்ல அசைக்க வேண்டும். மந்தம் அதே சிலிண்டரோடு நின்றால் சிலிண்டரில் குறை. லீவரோடு மாறினால் வால்வில் குறை.

சிலிண்டரின் உள் சீலைப் பக்கெட் சிலிண்டரில் எளிதாகச் சோதிக்கலாம். தண்டு முழுதும் வெளிவரும்படி நீட்டிப் பக்கெட்டைத் தரையில் ஊன்றி, இஞ்சினை நிறுத்தி அழுத்தம் நீக்கி, தண்டு வெளிவரும் முனையிலுள்ள குழாயை மட்டும் கழற்ற வேண்டும். கழற்றிய குழாயின் வாயைத் தகுந்த இரும்பு மூடியால் திருகி அடைத்து, சிலிண்டரின் திறந்த துளைக்கு அடியில் பாத்திரம் வைத்து, துளைக்கு நேரே ஒருவரும் நில்லாதபடி பார்த்துக் கொண்டு, இஞ்சினை மெதுவாக ஓட்டி, லீவரை நீட்டும் திசையில் மாத்திரம் சில விநாடி அசைக்க வேண்டும். முதலில் சிறிது எண்ணெய் வடிந்து நின்றுவிட்டால் சீல் நன்று. தொடர்ந்து ஓடினால் சீல் கெட்டது. பூம் சிலிண்டரில் இச்சோதனையை வயலில் செய்யலாகாது; பூமின் கனத்தைத் தாங்கும் வசதி பட்டறையில்தான் உண்டு.

தண்டு வெளிவரும் வாயில் எண்ணெய் கசிந்தால் சீல் மாற்றுவதற்கு முன்பு தண்டை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கும் கீறல் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் சில நாட்களில் கிழியும். கல் மோதிய கீறலைத் தேய்த்துச் சரி செய்வதோ, தண்டுக்கு மீண்டும் குரோமியப் பூச்சு ஏற்றுவதோ முதல் வேலை.

தூக்க லீவரை அசைத்தவுடன் பூம் சற்றே இறங்கிப் பிறகு எழும்புகிறதென்றால் பலர் சிலிண்டரைப் பிரித்து விடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. வால்வுப் பெட்டியில் சுமை பின்னோக்கித் தள்ளாதபடி தடுக்கும் சிறு தடுப்பு வால்வில் தூசு சிக்கியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவினால் போதும். பக்கவாட்டுத் திருப்பம் ஆடுகிறது, அடித்து நிற்கிறது என்பது பல சமயம் எண்ணெய்க் குறையே அன்று. திருப்பு முனையின் பின்னும் புஷ்ஷும் கிரீஸ் இன்றித் தேய்ந்ததன் பலன்.

சூடு, எண்ணெய், குழாய்

தண்டு எல்லையைத் தொட்ட பின்னும் லீவரை விடாமல் பிடித்திருப்பது சாதாரணமாகக் காணும் காட்சி. நிமிஷத்துக்கு 30 லிட்டர் எண்ணெய் 150 கிலோ அழுத்தத்தில் ரிலீப் வால்வு வழியே பாயும்போது சுமார் 10 குதிரைச் சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது. சிறு டிராக்டரின் எண்ணெய்த் தொட்டிக்கு இது அடுப்பு மூட்டியதற்குச் சமம். 80 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் எண்ணெய் நெடுநேரம் இருந்தால் ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். எண்ணெயும் கருகிய வாசனை அடிக்கும்.

பல சிறு டிராக்டர்களில் கியர்ப் பெட்டிக்கும், எண்ணெயில் மூழ்கிய பிரேக்குக்கும், ஹைட்ராலிக் ஏற்றிக்கும் ஒரே எண்ணெய். அத்தகைய டிராக்டரில் மலிவென்று சாதாரண ஹைட்ராலிக் எண்ணெயை ஊற்றினால் ஏற்றி இயங்கும்; பிரேக் அலறும், பிடிப்புக் குறையும். கம்பெனி குறிப்பிட்ட தரத்தையே டப்பாவின் மேல் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். தனித் தொட்டியுள்ள பேக்ஹோவுக்கு அதற்குரிய எண்ணெய் வேறு.

குழாய் மாற்றும்போது அழுத்தப் பக்கத்துக்குக் கம்பிப் பின்னல் உள்ள குழாயைத் தவிர வேறெதுவும் ஆகாது. பழைய குழாயின் மேல் அச்சிட்ட அழுத்த எண்ணைப் பார்த்து, அதற்குக் குறையாததை வாங்குதல் வேண்டும். முனைகளின் மரை பல வகைப்படும். ஒன்றிரண்டு சுற்றுக்குமேல் கையால் ஏறாத மரையை ஸ்பானரால் முறுக்கி ஏற்றக் கூடாது. கசிவை நிறுத்த வெள்ளை நாடா சுற்றுவது தண்ணீர்க் குழாய்க்கு உரிய வைத்தியம். அதன் துணுக்குகள் இங்கே வால்வுக்குள் சென்று சிக்கும். குழாய் மாற்றிய பின் எல்லாச் சிலிண்டர்களையும் பளுவின்றி மெதுவாக முழு நீளம் பலமுறை நீட்டி மடக்கிக் காற்றை வெளியேற்றி, எண்ணெய் அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு குறை தீராவிட்டால் பட்டறைக்கு அனுப்புவதே தக்கது. அனுப்பும்போது இஞ்சின் ஓடிய மணி நேரம், கடைசியாக எண்ணெயும் வடிகட்டியும் மாற்றிய தேதி, ஊற்றிய எண்ணெயின் பெயர், குறை எல்லாக் கைகளிலுமா ஒன்றிலுமா, வெறுங்கையிலா பளுவிலா, குளிரிலா சூட்டிலா என்ற விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தோ கூட்டுறவுச் சங்கமோ வாடகைக்கு விடும் கருவியாயின் இத்தாளின் நகல் ஒன்றைக் கருவியின் கணக்கோடு வைத்துக் கொண்டால், அடுத்த பழுதுக்கு வரும் பில்லைச் சரிபார்க்கவும் உதவும்.